கடற்காகத்தின் இறக்கை நுனி

கடற்காகங்கள் மேல் எனக்குத் தனி அன்பு எதுவும் கிடையாது. கடலைப் பார்த்தால் மனசு லேசாகும், பறவையைப் பார்த்தால் கவலை பறக்கும் என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். கடற்காகம் மீன் குடல் தின்கிற பறவை. பக்கத்துப் பறவை வாயில் வைத்திருப்பதைப் பிடுங்கும். காது கிழியக் கத்தும். அவற்றை நான் இனம் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டதற்கு ஒரே காரணம், என் கணவர் கோவளத்தில் பாசி பிடித்த கல்லில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டதுதான்.

அவர் சிறுசேரியில் மென்பொருள் வேலையில் இருந்தவர். ஐம்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில் ஒரு மதியம் ஓர் அறைக்குக் கூப்பிட்டு, லேப்டாப்பையும் கழுத்து அட்டையையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு சில மாதங்கள் வேலை தேடினார். நேர்முகத்தில் எதிரே உட்கார்ந்தவர்கள் எல்லாம் சின்னப் பையன்கள். ஒருவன் இவரை 'அங்கிள்' என்று கூப்பிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, 'சார்' என்று திருத்தினானாம். வீட்டுக்கு வந்து இவர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

நான் சொன்னேன்: "இனிமே அந்த மாதிரி வேலை கிடைக்காதுங்க. வேற எதையாவது பாருங்க."

அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனாருக்கு இது பெரிய குற்றமாகப் பட்டது. "ஏன் அண்ணி, அதை இவ்ளோ பட்டுனு சொல்லணுமா?" என்றாள்.

"சுத்தி வளைச்சுச் சொன்னா கிடைச்சுடுமா?" என்றேன்.

அவளுக்கு அண்ணன் மேல் பாசம் அதிகம். அந்தப் பாசத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். எங்கள் சர்ச்சில் ஆராதனை நடுவே ஜெபக் குறிப்புகள் வாசிப்பார்கள். யாருக்கு ஆபரேஷன், யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்பதெல்லாம் மைக்கில் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இழந்து தவிக்கும் சகோதரர் என்று இவர் பெயரைச் சொல்லி வாசித்துவிட்டார்கள். எழுதிக் கொடுத்தது அவள். இவருக்கு முன்னாலேயே தெரியாது. எனக்கும் தெரியாது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வரிசையாக வந்து கையைப் பிடிக்கிறார்கள். ஒருவர் கையை விடவே இல்லை. இவர் அந்த ஆளின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த ஞாயிறு இவர் சர்ச்சுக்கு வரவில்லை. கோவளத்துக்குப் போனார்.

பறவை பார்க்கும் பழக்கம் அவருக்கு முன்பே உண்டு. வேலையில் இருந்தபோது வருடத்துக்கு இரண்டு முறை வேடந்தாங்கல், எப்போதாவது பள்ளிக்கரணை. அவ்வளவுதான். இப்போது ஞாயிறு தவறாமல் ஒரு குழுவோடு போக ஆரம்பித்தார். ஏழெட்டுப் பேர். எல்லோரும் மீன்கொத்தி, பருந்து, உள்ளான் என்று போவார்கள். கடற்காகம் என்றால் ஓடுவார்கள். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை, சாம்பல். அதிலும் இளசு ஒரு மாதிரி, கிழடு ஒரு மாதிரி. யாருக்கும் அந்தத் தலைவலி வேண்டாம். இவர் அந்தத் தலைவலியை எடுத்துக்கொண்டார். ஒரு குளிர்காலம் முழுக்க அதையே படித்தார். அதற்கப்புறம் குழுவில் யாராவது கடற்காகத்தைப் படம் எடுத்தால், "சாரைக் கேளு" என்பார்கள். எங்கள் தெருவில் "என்ன சார், இன்னைக்கும் வீட்லதானா?" என்று கேட்கிற 'சார்' வேறு. இந்த 'சார்' வேறு. எனக்கு அது புரிந்தது. அவருக்கு மிச்சம் இருந்த மரியாதை அந்தக் கல்மேட்டின் மேல்தான் இருந்தது.

கல்மேடு என்று நான் சொல்வது தூண்டில் வளைவை. கடல் கரையை அரிக்காமல் இருக்க, கரையிலிருந்து கடலுக்குள் நீளமாகப் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதன் முனையில் கடற்காகங்கள் வந்து உட்காரும். நடப்பதற்கு ஒழுங்கான இடம் கிடையாது. கல்லுக்குக் கல் தாவ வேண்டும். நவம்பரில் ஒரு நாள் தாவியபோதுதான் விழுந்தார்.

மணிக்கட்டில் கட்டு. ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. ஒரு ஞாயிறு வீட்டில் உட்கார்ந்தார். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு ஹால் பெரியதில்லை. அதில் ஒரு ஆள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அந்த வீட்டில் வேறு யாரும் நடமாட முடியாது. அடுத்த சனிக்கிழமை நானே சொன்னேன்: "காலைல கிளம்புங்க. நான் கொண்டுவிடறேன்."

"உனக்கு சர்ச்?"

"என் கையையும்தான் எல்லாரும் பிடிக்கிறாங்க."

மாம்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம், அங்கிருந்து கோவளம். பின்னால் அவர், நடுவில் டிரைபாட். ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைபாட் என் முதுகில் குத்தும்.

செய்தி அன்றைக்கே நாத்தனாருக்குப் போய்விட்டது. "கிறிஸ்மஸ் வர்ற நேரத்துல, சர்ச்சுக்கு வராம புருஷனும் பொண்டாட்டியும் காக்கா பாக்கப் போறீங்களாமே அண்ணி?"

"காக்கா இல்ல. கடற்காகம்."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"ஜெபக் குறிப்புல பேரு குடுத்தது யாரு?" என்று கேட்டேன்.

முதல் நாள் நான் மணலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் வலையிலிருந்து நண்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். குழுவில் ஓர் இளைஞன், கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருப்பவன், கல்லின் மேல் படுத்துப் படம் எடுத்தான். வலைக்காரர் என்னிடம் கேட்டார்: "இன்னாக்கா, கடக்காக்காவத்தான் புடிக்கிறாரா? அது மீன துன்னும், வலை மேல பேண்டுட்டுப் பூடும். அதுக்கு இம்மாம் பெரிய கேமராவா?"

"எனக்கும் அதான் புரியல" என்றேன்.

"உன் வூட்டுக்காரரும் அதுல கீறாரா?"

"கை ஒடஞ்சு நிக்கிறாரே, அவர்தான்."

"அட, அவரா? அன்னிக்கு நாங்கதான் தூக்கினோம். பேஜாராப் பூச்சு. கீழ வியுந்து கெடந்தாரு, அப்பவும் 'பறவை பறந்துடுச்சா'ன்னு கேக்குறாரு!"

இது எனக்குப் புதிய செய்தி. கோபம் வந்தது. எழுந்து போய், அப்படி என்னதான் இருக்கிறது என்று என் கணவருடைய பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். ஆரம்பம் அதுதான். பக்தி எல்லாம் இல்லை.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தைப் பரப்பி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, வெள்ளை அணுக்களை வகை பிரித்து எண்ணுவது என் வேலை. இப்போது மெஷின் எண்ணிவிடுகிறது. ஆனால் மெஷின் சந்தேகப்படுகிற தகடு என்னிடம் வரும். இருபது வருடமாக நான் பார்ப்பது, ஒரே மாதிரி இருக்கிற உருண்டைகளில் எது வேறு என்பதைத்தான். ஆகவே எல்லாக் கடற்காகமும் ஒரே மாதிரி இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஒரே மாதிரி எதுவும் இருக்காது. பார்க்க நேரமில்லை என்று சொல்லுங்கள்.

இவர் கற்றுக்கொடுக்கப் பார்த்தார்.

"இது ப்ரௌன்-ஹெட்" என்றார். அதாவது பழுப்புத்தலைக் கடற்காகம்.

"தலை வெள்ளையா இருக்கே?"

"விண்டர்ல வெள்ளையாதான் இருக்கும். காதுக்குப் பின்னாடி மட்டும் ஒரு மசி தெரியும் பாரு."

"அப்ப பழுப்பு எப்ப வரும்?"

"ஏப்ரல்ல."

"ஏப்ரல்ல இது இங்க இருக்குமா?"

"கிளம்பிடும்."

"பக்கத்துல இருக்கிறது?"

"அது ப்ளாக்-ஹெட். கருந்தலை."

"அதுக்கும் வெள்ளைத் தலைதான் இருக்கு. அதே மசி இருக்கு."

"ஆமா."

"எந்தப் புண்ணியவான் இந்தப் பேரை வச்சான்?"

அவர் பைனாகுலரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

தலையை விட்டுவிட்டேன். பெயரையும் விட்டுவிட்டேன். என் பழக்கப்படி வேறு இடத்தில் ஆரம்பித்தேன். ரத்தத் தகட்டில் ஓர் அணு பெரிதா சிறிதா என்று தெரிய, பக்கத்தில் இருக்கும் சிவப்பணுவைத்தான் அளவாக வைப்போம். கல்மேட்டில் எனக்கு ஊர்க் காக்காய்தான் அளவு. அது எப்போதும் அங்கே ஒன்றிரண்டு இருக்கும். காக்காய்க்குச் சமமாக, கொஞ்சம் ஒல்லியாக நின்றால் கருந்தலை. காக்காயை விடத் தடித்து, அலகும் தடித்து நின்றால் பழுப்புத்தலை. அதன் பிறகு கண். வளர்ந்த பழுப்புத்தலையின் விழி வெளுத்திருக்கும். முறைக்கிற மாதிரி இருக்கும். கருந்தலைக்குக் கறுப்பு விழி, பாவம் போல. அதன் பிறகு இறக்கை நுனி. உட்கார்ந்திருக்கும்போது அது மடிந்து கிடக்கும், ஒன்றும் புரியாது. பறந்தால்தான் தெரியும். பழுப்புத்தலைக்கு நுனி அகலமாகக் கறுப்பு, கறுப்புக்குள்ளே வெள்ளைப் பொட்டு. கருந்தலைக்கு இறக்கையின் முன்விளிம்பு முழுக்க வெள்ளை, ஓரத்தில் மட்டும் மை தீட்டினாற்போலக் கறுப்பு. பொட்டு கிடையாது.

தப்பும் நிறையச் செய்தேன். ஆலாவை, அது வேறு கடற்பறவை, கடற்காகம் என்றேன். இளசைப் பார்த்துப் புது இனம் என்றேன். லென்ஸ்காரன் எல்லோர் முன்னாலும் சிரித்தான். "அக்கா, அது ஜுவனைல் அக்கா. வால்ல கறுப்புப் பட்டை இருக்கு பாருங்க." பார்த்தேன். இருந்தது. அதை மறக்கவில்லை.

அந்தக் குழுவின் இரண்டு வழக்கங்கள் எனக்கு ஒத்துவரவில்லை. ஒன்று, காலையில் போவது. இது கிழக்குக் கடற்கரை. காலையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எதிரே வருகிறது. கல்மேட்டு முனையில் உட்கார்ந்திருக்கும் பறவை வெளிச்சத்துக்கு முன்னால் கரிக்கட்டை போல நிற்கும். அலகு என்ன நிறம், காதில் மசி இருக்கிறதா, எதுவும் சரியாகத் தெரியாது. சாயங்காலம் போனால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இதைச் சொன்னேன். "சாயங்காலம் போனா டிபன் எங்க சாப்பிடறது மேடம்?" என்றார் குழுவில் ஒரு பெண், பல் டாக்டர். கேளம்பாக்கத்தில் பொங்கல் வடைக்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டாவது வழக்கம் இன்னும் மோசம். யாராவது ஒருவர் முதலில் பார்த்ததும் பெயரைச் சொல்லிக் கத்துவார். அதன் பிறகு எல்லோரும் பார்ப்பார்கள். அப்புறம் எல்லோருக்கும் அதுதான் தெரியும். எங்கள் கூடத்தில் ஒரு தகட்டை இரண்டாவது ஆள் பார்க்கும்போது, முதல் ஆள் என்ன எழுதினார் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் இரண்டாவது ஆள் தேவையே இல்லை. இதையும் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கணவரும்தான்.

கட்டுப் பிரித்த பிறகும் நான் போவதை நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால், சும்மாதான். ஸ்கூட்டரை அவர் ஓட்டினார். டிரைபாட் இப்போது என் வயிற்றில் குத்தியது.

பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிறு. முனையில் நாற்பது ஐம்பது பறவைகள். அதில் ஒன்று தனியாக, ஓரத்துக் கல்லில், கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் கணவர் டெலஸ்கோப்பை அதன் மேல் வைத்தார். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. அவர் காதோரம் சிவப்பதைப் பார்த்தேன்.

"ஸ்லெண்டர்-பில்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

மெல்லிய அலகுக் கடற்காகம். எங்கள் பக்கத்துக் கரைக்கு அபூர்வமாக வருவது. குழுவில் யாரும் பார்த்ததில்லை. நீண்ட கழுத்து, சரிந்த நெற்றி, மெலிந்து நீண்ட அலகு, சுத்த வெள்ளைத் தலை. அவர் இதை வீட்டில் பல தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு நாளாவது அதைப் பார்க்க வேண்டும் என்பார்.

அப்புறம் வழக்கப்படி எல்லோரும் பார்த்தார்கள். வழக்கப்படி எல்லோருக்கும் அதுவே தெரிந்தது. "ஆமா சார், நெத்தி பாருங்க!" "கழுத்து! கழுத்து!" "காதுல மசியே இல்ல சார்!" கேமராக்கள் படபடவென்று அடித்தன. லென்ஸ்காரன் எழுந்து வந்து இவரைக் கட்டிக்கொண்டான். "சார், என்ன சார் நீங்க! கண்ணா அது?" பல் டாக்டர் கை தட்டினார். எல்லோரும் குனிந்து கேமராவின் பின்திரையைப் பார்த்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் காட்டினார்கள்.

என்னிடம் கேமரா கிடையாது. நான் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓர் அலை பெரிதாக அடித்தது. அது எழும்பியது. வடக்கே திரும்பி, கரைப்பக்கமாக வளைந்து, எங்களுக்குப் பின்னால் போனது. அங்கே வெளிச்சம் அதன் மேல் நேராக விழுந்தது. இறக்கை நுனி அகலமாகக் கறுப்பு. கறுப்புக்குள்ளே இரண்டு வெள்ளைப் பொட்டு. காதுக்குப் பின்னால் மசி. லேசானது, ஆனால் மசி. அது பழுப்புத்தலை. கழுத்தை நீட்டிக்கொண்டு வெயிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்த சாதாரணப் பழுப்புத்தலை.

வேறு யாரும் தலை நிமிரவில்லை.

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். வாய் முழுக்க, கண் சுருங்க. அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று ஞாபகம் இல்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. என் மேலேயே எரிச்சலாக இருந்தது. கூடத்தில் ஒரு தகடு தப்பாக இருந்தால் நான் டாக்டர் வீட்டு போன் வரைக்கும் போவேன். இங்கே நின்றுகொண்டு கல்லைப் பார்த்தேன்.

கேளம்பாக்கம் ஓட்டலில் இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். லென்ஸ்காரன் கடற்கரையிலேயே படத்தை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டிருந்தான். இவருடைய போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. இவர் ஒவ்வொன்றாக எல்லோருக்கும் படித்துக் காட்டினார். "சார், அடுத்த மாசம் எங்க காலேஜுக்கு வந்து கடற்காகம் பத்திப் பேசறீங்களா?" என்று காட்டாங்குளத்தூர்ப் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அதை இரண்டு தடவை படித்தார்.

பிறகு இவரே, அபூர்வப் பறவை என்றால் முழு விவரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தார். உட்கார்ந்திருந்தது, சரி. பறந்தபோது இறக்கை எப்படி இருந்தது? யார் பார்த்தது? ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரிடமும் பறக்கிற படம் இல்லை.

இவர் என் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்து இருந்தது. "நீ பாத்துக்கிட்டு இருந்தியே! பறந்தப்ப பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்பாடா. சொல்லு, எழுதிக்கிறேன். முன்னாடி விளிம்பு நல்லா வெள்ளையா இருந்திருக்குமே?"

விடையைச் சொல்லிக்கொடுத்துக் கேள்வி கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன்.

"இல்ல. நுனி அகலமா கறுப்பு. அதுக்குள்ள வெள்ளைப் பொட்டு. ரெண்டு."

இவர் விரல் போனின் மேல் அப்படியே நின்றது. மற்றவர்களுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது.

"அக்கா, நீங்க வேற பேர்டைப் பாத்திருப்பீங்க" என்றான் லென்ஸ்காரன். "அங்க அம்பது இருந்துச்சே."

"அது எழும்பறதுல இருந்து போற வரைக்கும் நான் கண்ணை எடுக்கல."

"போட்டோவைப் பாருங்க மேடம், எவ்ளோ நீள அலகு!" என்றார் பல் டாக்டர்.

"கழுத்தை நீட்டினா எல்லாமே நீளமாத்தான் தெரியும். வெயிலுக்கு எதிர்ல எடுத்தது."

"அக்கா இப்பத்தான கத்துக்கறாங்க" என்று லென்ஸ்காரன் இவரைப் பார்த்துச் சொன்னான். "நீங்க எவ்ளோ வருஷமா பாக்கறீங்க! நீங்க சொன்னா சரிதான் சார். போடுங்க சார். ஃப்ளைட் பாக்கலன்னு எழுதிடுங்க. அவ்ளோதான்."

இவருக்கு வழி திறந்துதான் இருந்தது. என்னைப் புதுசு என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பொய்யும் இல்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. சாம்பாரில் மிதந்த கறிவேப்பிலையைப் பார்த்தேன். போன் இன்னொரு தடவை டிங் என்றது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லென்ஸ்காரனின் கேமராவை வாங்கினார். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒன்றில் நின்றார். அலகைப் பெரிதாக்கினார். பிறகு இன்னும் பெரிதாக்கினார். அதில் புள்ளி புள்ளியாகக் கறுப்புதான் தெரிந்தது. கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவ தப்பாப் பாக்க மாட்டா" என்றார்.

"சார்..."

"பொட்டு ரெண்டுன்னு சொல்றா. ஒண்ணுன்னு சொல்லல, இருந்த மாதிரி இருந்துச்சுன்னு சொல்லல. ப்ரௌன்-ஹெட்தான். மிஸ்டேக் என்னோடது."

"அப்ப என் போட்டோ?" என்றான் லென்ஸ்காரன். அழுகிற மாதிரி இருந்தான்.

"நல்ல போட்டோ. ப்ரௌன்-ஹெட்டோட நல்ல போட்டோ."

பல் டாக்டர் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று காபியை எடுத்துக்கொண்டார். இவர் அங்கேயே உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டார். பறந்தபோது பார்த்தது பழுப்புத்தலை, தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். டிங் டிங் நின்றுவிட்டது. அது இவ்வளவு சட்டென்று நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. பொங்கல் ஆறிப்போயிருந்தது. இவர் அதை முழுக்கச் சாப்பிட்டார்.

திரும்பும்போது மாம்பாக்கம் வரை நிற்காமல் ஓட்டினார். அங்கே ஏரிக்கரை ஓரமாக வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அங்கயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"அவன் வாட்ஸ்அப்ல போடறதுக்கு முன்னாடியே தெரியும் உனக்கு."

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல? நீயா சொல்லாம இருப்பே?"

"நீங்க சிரிச்சீங்க" என்றேன்.

ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு வண்டியை எடுத்தார்.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். காலேஜில் பேசக் கூப்பிட்டவர் திரும்பப் பேசவில்லை. லென்ஸ்காரன் வேறொரு குழுவோடு பழவேற்காட்டுக்குப் போக ஆரம்பித்தான். அந்தப் படத்தை மெல்லிய அலகுக் கடற்காகம் என்றே இன்னும் வைத்திருக்கிறான் என்று கேள்வி. வைத்துக்கொள்ளட்டும். வேலை கிடைக்கவில்லை. இரண்டு வாரம் இவர் கோவளத்துக்கும் போகவில்லை, ஹாலில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ஞாயிறு காலையில் நான் எழுந்தபோது டிரைபாட் வாசலில் இருந்தது. அதற்கு முந்தைய நாள் பல் டாக்டர் ஒரு மங்கலான படத்தை அனுப்பி, "சார், இது என்ன? நிஜமா சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். "இந்தப் படத்தை வச்சுச் சொல்ல முடியாது" என்று இவர் பதில் எழுதியிருந்தார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படி எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அன்று கல்மேட்டில் புதிதாக வந்த ஒருவர் எதையோ பார்த்துப் பெயரைக் கத்த வாயெடுத்தார். "பேரைச் சொல்லாதீங்க" என்றார் இவர். "மொதல்ல எல்லாரும் பாருங்க."

"சரி சார்" என்றார் அவர்.

ஏப்ரல் முதல் வாரத்தில் முனையில் பதினைந்து பறவைகள்கூட இல்லை. இருந்தவற்றுக்குத் தலை முழுக்கப் பழுப்பு ஏறியிருந்தது. காப்பித் தூளில் முக்கி எடுத்த மாதிரி. பெயருக்கும் தலைக்கும் ஒருவழியாகச் சம்பந்தம் வந்திருந்தது. அடுத்த வாரம் அவையும் இல்லை.

நாத்தனார் வந்தாள். "பறவைதான் எல்லாம் போயிடுச்சாமே. இந்த ஞாயித்துக்கிழமையாவது அண்ணன் சர்ச்சுக்கு வருவாரா அண்ணி?"

"நீயே கேளு. உள்ளதான் இருக்காரு."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "என் பேரை மைக்ல வாசிக்க மாட்டாங்கன்னா வரேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.